வேர்க்கும் சுவர்

அந்த நாற்காலியைச் சுவரோரம் போடாதீர்கள் அம்மா, சேலை நனைந்துவிடும். இப்படி நடுவில் இழுத்துப் போட்டு உட்காருங்கள். கோர்ட்டிலிருந்து கமிஷனர் வந்து பார்ப்பார் என்று என் வக்கீல் சொன்னபோது, மீசை வைத்த ஆள் யாரோ வருவார் என்று நினைத்தேன். நீங்கள் என் தங்கச்சி மகள் வயதில் இருக்கிறீர்கள். அதனால் என்ன, கண் இருந்தால் போதும். சுவரைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. மனு போட்டவன் நான். நீங்கள் முதலில் அவன் வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அவன் வீட்டு வாசல் ரோட்டுக்கு முதலில் வருகிறது என்பீர்கள். வரட்டும். தாண்டி வர எத்தனை நேரம் ஆகும்? சரி, விடுங்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் மூக்குக்கண்ணாடி ஈரம் படிந்து மூடிக்கொண்டதே. துடைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிர் அறையிலிருந்து நேரே வந்தீர்கள் அல்லவா, இங்கே நுழைந்ததும் மூடுகிறது. எல்லாம் அவன் கொடுக்கிற ஈரம்.

இப்போது தெரிகிறதா? மேலே ஒரு முழம் விட்டுத் தரை வரைக்கும் முத்து முத்தாக நிற்கிறது. ஒரு துளி பெருத்ததும் பக்கத்துத் துளியையும் சேர்த்துக்கொண்டு கீழே ஓடும். சுண்ணாம்பு நிற்பதில்லை. போன பொங்கலுக்கு அடித்தது, பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துவிட்டது. அரிசிமாவு டப்பாவை அந்த மூலையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. இது சித்திரை மாசம். தூத்துக்குடியில் சித்திரையில் ஒரு சுவர் நனைகிறது என்றால் யாரோ நனைக்கிறான் என்று அர்த்தம். அந்த யாரோ இதற்கு அந்தப் பக்கம் இருக்கிறான். லிங்கதுரை. என் கூடப்பிறந்த தம்பி.

என் பெயர் தவசிமுத்து. முன்னே உப்பளத்தில் வேலை. முழங்கால் போன பிறகு இடியாப்பம். நானும் என் சம்சாரம் சந்தனக்கனியும் இந்த அறையில்தான் அவிக்கிறோம். விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அடுப்பில் இப்போது கொதிக்கிற சத்தம் கேட்கிறதே, அது ஒரு மதியச் சாப்பாட்டு ஆர்டர். அவிக்கிற கொப்பரை அடுப்பில் ஏறிவிட்டால் இந்த அறைக்குள் ஆள் முகம் ஆளுக்குத் தெரியாது, அப்படி ஆவி அடைந்து நிற்கும். ஆவி அடைந்தால்தான் இடியாப்பம் பூவாக வரும். எங்கள் இடியாப்பத்தை ஒரு ஆள் குறை சொன்னதில்லை.

இது ஒரே வீடாக இருந்தது. அப்பா போன பிறகு நடுவில் சுவர் எழுப்பினோம். ஒற்றைச் செங்கல் சுவர், அகலமே கிடையாது. அந்தப் பக்கம் அவன் தும்மினால் இந்தப் பக்கம் நான் கேட்பேன். அதெல்லாம் ஒரு குறையாக அப்போது தெரியவில்லை.

குறை எங்கே வந்தது என்று கேட்கிறீர்கள். அவன் மகன் கல்யாணத்தில் வந்தது. எங்களில் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது மூத்தவனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வந்து நீட்ட வேண்டும். இவன் என்ன செய்தான்? மச்சினனிடம் கொடுத்தனுப்பினான். அந்த மச்சினன் ஸ்கூட்டரை அணைக்கவும் இல்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நீட்டினான்.

“அத்தானுக்குக் காய்ச்சலு அண்ணாச்சி, அதான் என்னைய அனுப்பிச்சாவ.”

காய்ச்சலாம். மறுநாள் அவன் வாசலில் நின்று பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். போர்வை போர்த்திக்கொண்டுதான் நின்றான். நடுங்கிக்கொண்டும் இருந்தான். ஆனால் நின்றான் அல்லவா? பந்தல்காரனுக்கு நிற்கத் தெரிந்த கால், அண்ணன் வீட்டுக்கு நான்கு எட்டு வைக்காதா? கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவன் வந்து கூப்பிட்டபோது, ‘என் வாசப்படிய மிதிக்காத’ என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே அவன் முற்றத்தைப் பார்த்து இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். அதோ அந்த இடம்தான், பூச்சு வேறு மாதிரி தெரியும்.

சந்தனக்கனி அடுப்படியிலிருந்து ஏதோ முனகுகிறாள், காதில் வாங்காதீர்கள். ஜன்னல் இல்லாமல் ஆவி போக வழியில்லை என்று அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆவிக்கு வழி எதற்கு? ஜன்னலை அடைத்ததற்கும் சுவர் நனைவதற்கும் என்ன சம்பந்தம்? ஜன்னல் அடைத்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் இது தொடங்கியது. அவன் அந்தப் பக்கம் ஏசி மாட்டினான், மாட்டின வாரமே சுவர் கசிந்தது. ஏசி என்றால் தண்ணீர்க் குழாய் இல்லாமல் இருக்குமா? அந்தக் குழாய் சுவருக்குள் ஓடுகிறது. அதில் ஓட்டை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆள் வைத்துப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். என் செலவில் மெக்கானிக் கூட்டி வந்தேன். வினிஸ்டன் என்று ஒரு பையன், ஏசி வேலைதான் அவனுக்கு. அந்த வீட்டிலும் போய்ப் பார்த்தான், இங்கேயும் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு சொல்கிறான்:

“அண்ணாச்சி, சுவருக்குள்ள குழாயே கிடையாது. அவுங்க குழாய் ரோட்டுப் பக்கம் வாளியில விழுது. இது காத்துல இருந்து இறங்குத தண்ணி.”

“காத்துல எங்கலே தண்ணி? காத்துல தண்ணி கெடந்தா நான் எதுக்குக் குடத்தத் தூக்கிட்டு லாரிக்குப் பொறத்தால ஓடுதேன்?”

“கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆவியாக் கெடக்கும். சூடான காத்து நெறைய ஆவியச் சுமக்கும். குளிரக் குளிரச் சுமக்க முடியாது. ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அதுக்கும் கீழ குளிந்துட்டுன்னா, சுமையக் கீழ போட்டுரும். அந்த அளவுக்குப் பேரு பனிநிலை. காத்துல ஆவி கூடக் கூட, கொஞ்சம் குளிந்தாலே போதும், போட்டுரும். அந்தப் பக்கம் ஏசி சுவரக் குளிர வைக்கி. இந்தப் பக்கம் உங்க கொப்பரை ஆவிய நெரப்பி வைக்கி. அது சுவர்ல பட்டதும் தண்ணியாயிருது.”

நான் சிரித்துவிட்டேன். “பனியா? தூத்துக்குடியிலயா? சித்திரையிலயா? ஏல, ஊட்டிக்குப் போயி வேல பாரு.”

அவன் விடவில்லை. “நீங்க உப்பளத்துல இருந்தவங்கதான? கொண்டல் அடிச்சா உப்பு மூட்டை நனையுதே, யாரு தண்ணி ஊத்துனா?”

இது எனக்குப் பாடமா? கிழக்கேயிருந்து கொண்டல் வந்தால் உப்பு கசியும், மேற்கேயிருந்து கச்சான் வந்தால் உலரும். கச்சான் காற்றுக்குக் கையை நீட்டினாலே தெரியும், தோல் இழுக்கும். கொண்டல் அப்படியில்லை, சட்டை உடம்போடு ஒட்டும். அன்றைக்கு உப்பை மூடாமல் விட்டால் மறுநாள் குவியல் அடியில் தண்ணீர் கோடு போட்டிருக்கும். இதெல்லாம் நான் பார்க்காததா? ஆனால் உப்பு வாயுள்ள சாமான். ஈரத்தை இழுத்துக் குடிக்கும். சுவருக்கு வாய் எங்கே இருக்கிறது? அதைக் கேட்டேன். வினிஸ்டன் தலையைச் சொறிந்தான்.

பிறகு வேடிக்கை காட்டினான். கடையில் ஐஸ் வாங்கி வந்து எங்கள் எவர்சில்வர் டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தான். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு வெளியே நீர் கோத்தது. “இது டம்ளருக்குள்ள இருந்தா வந்துச்சு?” என்று கேட்டான். “ஓட்ட டம்ளரு” என்றேன். அவன் போன பிறகு அதே டம்ளரில் வெறும் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். காகிதம் நனையவில்லை. அதற்காக அவன் சொன்னது நிஜமாகிவிடுமா? ஐஸ் போட்டால் மட்டும் ஒழுகுகிற ஓட்டையும் இருக்கலாம். இரும்பு சுருங்கும், விரியும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, இதைக் கேளுங்கள். அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை, கசப்பில்லை, மண் வாடை இல்லை, ஒரு ருசியும் இல்லை. இந்தத் தெருவில் எந்தத் தண்ணீர் அப்படி இருக்கும்? எங்கள் அடிபம்பில் உப்பு கரிக்கும். லாரித் தண்ணீரில் மருந்து வாடை. ருசியே இல்லாத தண்ணீர் வடிகட்டுகிற மிஷினில்தான் வரும். அந்த மிஷின் இந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது? லிங்கதுரை வீட்டில். நான் படிக்காதவன்தான். ஆனால் யோசிக்கத் தெரியும்.

அப்புறம் நீலம். அதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். சொல்லவில்லையா? ஆச்சரியமாக இருக்கிறது. நானே சொல்கிறேன், ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது? வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு புட்டி வாங்கி, மாடி வழியாகப் போய் அவன் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினேன். சுவரில் நீலமாகக் கசிந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அன்றைக்கு அவன் வீட்டுக் கொடியில் காய்ந்ததெல்லாம் நீலம். துண்டு நீலம், தலையணை உறை நீலம். சுவரில் மட்டும் வெள்ளையாகவே வந்தது. முன்கூட்டியே யாரோ சொல்லியிருக்கிறார்கள், குழாய் வால்வை அடைத்துவிட்டான். லிங்கதுரை போலீசுக்குப் போகவில்லை. ஏணி வைத்து ஏறி, ஒரு பகல் முழுக்கத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடியில் கனமில்லாதவன் கேட்டிருப்பானா மாட்டானா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆதிரா, அவன் பேத்தி. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதுதான். பிறவியிலேயே அவளுக்கு வேர்க்காது. வேர்வை வருகிற துவாரமே உடம்பில் இல்லையாம். நமக்கு வேர்க்கிறது, அது காற்றில் காய்கிறது, காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அவளுக்கு ஏறுகிற சூடு ஏறினபடியே நிற்கும். வெயிலில் கொஞ்சம் ஓடினால் போதும், கண் செருகிவிடும். அதனால்தான் ஏசி. இரவு பகலாக ஓடுகிறது. இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் கேஸ் போட்டேன். பிள்ளைக்கு ஏசி வைக்கட்டும், நான் வேண்டாம் என்றேனா? என் சுவரை நனைக்காமல் வைக்கட்டும்.

முக்கியமான சாட்சி ஒன்று இருக்கிறது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாசம் கரண்ட்காரன் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்திவிட்டான். அன்றைக்குக் கொண்டல். வெயிலும் அடித்தது, சட்டையும் உடம்போடு ஒட்டியது. அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்குத்தான் காணும், ஏசியை இழுக்காது. உச்சிவேளை இருக்கும். லிங்கதுரை மருமகள் பொன்செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கொல்லைப்புறமாக வந்து நிற்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெண் என்னோடு பேசினதில்லை.

“பெரிய மாமா, தொட்டியில தண்ணி தீந்துட்டு. மோட்டார் ஓடல. பிள்ளைக்கு ஊத்தணும், உங்க அடிபம்புல…”

பிள்ளையின் முகம் செங்கல் மாதிரி இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பம்பு இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன். அவள் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அடிக்கப் பார்த்தாள். அந்தப் பம்பு அப்படி அடித்தால் கொடுக்காது, அதற்கு ஒரு பிடி இருக்கிறது. நான் போய் அடித்தேன். அப்புறம் ஒரு வாரம் முழங்கால் நடக்கவிடவில்லை. அவள் ஊற்ற ஊற்ற அடித்தேன். சந்தனக்கனி துண்டை நனைத்துச் சுற்றினாள், நான் ஓலை விசிறியை எடுத்து வீசினேன். கொண்டலில் என்ன வீசி என்ன? துண்டு ஈரம் காயவே இல்லை. காற்று நிறைந்துபோய் இருந்தால் அது எங்கே போய்க் காயும்? உப்பளத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சந்தனக்கனிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தாள். காலை இடியாப்பம் அவித்து முடிந்து அடுப்பு அணைந்திருந்தது. சுவரில் அப்போதும் ஈரமும் குளிர்ச்சியும் மிச்சம் இருந்தது. அந்தப் பிள்ளை தானாகவே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டது. பிறகு திரும்பிக் கன்னத்தை வைத்தது. வயிற்றை வைத்தது. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

“தாத்தா, உங்க செவருக்கு வேக்கி.”

“ஆமா.”

“எனக்கு வேக்காது.”

“தெரியும்.”

“எனக்கும் சேத்து இது வேக்கா?”

“உங்க தாத்தாகிட்டப் போயிக் கேளு” என்றேன்.

“எங்க தாத்தா வெளிய நிக்காவ.”

எட்டிப் பார்த்தேன். வாசலில், ரோட்டில், லிங்கதுரை நிற்கிறான். காலில் செருப்பில்லை. தார் ரோடு அந்த நேரத்தில் எப்படி இருக்கும், நீங்கள் நின்று பாருங்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், திறக்கவில்லை. உள்ளே தன் பேத்தி கிடக்கிறது, உள்ளே வரவில்லை. அவ்வளவு திமிர். நான்தான் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. சொன்னால் என்ன? அண்ணன் சொன்னதையெல்லாம் கேட்கிறவனா அவன்? கேட்க வேண்டியதை ஒன்றும் கேட்கமாட்டான், இதை மட்டும் கேட்பான். கரண்ட் வருகிறவரை நின்றான். நானும் அவனைப் பார்த்தபடி உள்ளே நின்றேன். கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் ஏன் கூப்பிட வேண்டும்?

சாட்சி என்று சொன்னேனே, அதைக் கேளுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் சுவர் உலர்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. கரண்ட் வந்தது, மறுநாள் திரும்ப நனைந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏசி நின்றால் சுவர் சூடாகிவிடும் என்று வினிஸ்டன் சொல்வான். அவன் சொல்லட்டும். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

என்ன அம்மா? அதையே நேரில் பார்த்துவிடலாம் என்கிறீர்களா? எப்படி?

இப்போது ஏசியை அணைத்துச் சாயங்காலம் வரை வைத்திருந்து, சுவர் உலர்கிறதா என்று பார்த்து எழுதுவீர்களா? உலர்ந்தால் என் பக்கம் பலமா?

வேண்டாம்.

வேண்டாம் என்றால் வேண்டாம். வெளியே என்ன காய்கிறது பார்த்தீர்களா? இன்றைக்கும் கொண்டல்தான், என் சட்டையைப் பாருங்கள். அங்கே பிள்ளை இருக்கிறது.

யார் சம்மதித்தது? லிங்கதுரையா? அவன் வாயால் சொன்னானா? என்ன சொன்னான், அப்படியே சொல்லுங்கள். ‘அண்ணன் கேட்டா அணைச்சிருதேன், பிள்ளைய ஆஸ்பத்திரியில கொண்டுபோயி ஒக்கார வச்சுக்கிடுதேன்’ என்றானா?

அறிவு இருக்கிறதா அவனுக்கு? ஆஸ்பத்திரி போகிற வழியில் வெயில் அடிக்காதா? அங்கே அவளுக்குக் குளிர் அறையில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்களா? அவன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் அம்மா, எதற்கு ஆமாம் சொல்ல வேண்டுமோ அதற்குச் சொல்லமாட்டான். நான் எங்கே அணைக்கச் சொன்னேன்? ஏசியை அகற்ற வேண்டும் என்று மனுவில் இருக்கிறதா? அது என் வக்கீல் இங்கிலீஷில் எழுதினது. நான் கையெழுத்துத்தான் போட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று உங்களுக்கே தெரியும்.

கேஸை வாபஸ் வாங்குகிறேனா? எதற்கு வாங்க வேண்டும்? வாங்கமாட்டேன். ஹைகோர்ட் வரைக்கும் போவேன். ஆனால் மிஷின் ஓடட்டும். ஓடுகிற மிஷினை வைத்தே நான் ஜெயிக்கிறேன். நீங்கள் எழுந்து போய் அவனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், அணைத்துக் கிணைத்து வைத்துவிடப் போகிறான். சந்தனக்கனி, நீ போ. கொல்லை வழியாப் போயிப் பொன்செல்விகிட்டச் சொல்லு, எதையும் அணைக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு. அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்.

அவள் போய்விட்டாள். நீங்கள் உட்காருங்கள்.

இப்போது எழுதுங்கள். சுவர் நனைந்திருக்கிறது, அதை எழுதுங்கள். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, அதையும் எழுதுங்கள். யாருடைய தண்ணீர் என்று மட்டும் எழுதவேண்டாம். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். அதை அவன் வந்து சொல்லட்டும். உள்ளே வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, ‘அண்ணே, என் தண்ணிதான்’ என்று அவன் வாயால் சொல்லட்டும்.

பொய்யாகச் சொன்னாலும் சரி.